மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 – பிப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், ஓவியர் ஆவார். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் கடைசி மகன். இந்தியக் காடுகளில் வாழும் யானை, காட்டுமாடு, செந்நாய், கடமான் முதலிய விலங்குகளை அவற்றின் வாழிடத்திலேயே கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். அதற்கான ஒளிப்படக் கருவியைத் தாமே பொருத்தி அமைத்துக் கொண்டார். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'தி ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950 முதல் 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தியை எழுதி வந்தார். 1970ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கிருஷ்ணன் எடுத்த படங்கள் அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல. இந்தியக் காடுகள் மிக விரைவாகச் சுருங்கிய 1950 முதல் 1970 வரையான ஆண்டுகளில் எந்த விலங்கு எந்தக் காட்டில் எந்நிலையில் வாழ்ந்தது என்பதற்கு அவை சான்றுகளாக உள்ளன. அவருடைய படங்களையும் குறிப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறப்பும் குடும்பமும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். மாதவையாவின் எட்டு மக்களுள் இவரே இளையவர். குடும்பத்தின் பூர்வீக ஊர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள பெருங்குளம் ஆகும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையா அரசின் உப்புத்துறையில் பணியாற்றியவர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழைத் தொடங்கினார். 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என வலியுறுத்திப் பேசி அமர்ந்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. இவருடைய அண்ணன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்; ஆங்கில நாவலாசிரியரும் ஆவார்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு இருந்தது. அதில் நரிகளும் வெளிமான்களும் திரிந்தன. பறவைகளுக்குக் குறைவில்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். நகரத்தில் வளர்ந்த ஒருவர் இயற்கையியலாளர் ஆனதில் வியப்பில்லை என்பதை இச்சூழல் விளக்கும்.

கல்வி

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபின் 1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதித் தாவரங்களைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். அவரும் அவருடைய துணைவியார் டயானா ரூத் ஃபைசனும் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளைத் தேடும்போது கிருஷ்ணனையும் உடன் அழைத்துச் சென்றனர். கணவரின் நூலுக்குத் தாவரப் படங்கள் வரைந்த டயானா ஃபைசனிடமிருந்து கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஒரு செடியைப் படமாக வரைய வேண்டுமானால் அதன் இலை தண்டோடு சேருமிடம், நரம்பின் போக்கு, இதழ்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் உற்று நோக்க வேண்டும். பின்னாளில் இவர் ஒளிப்படங்களில் விலங்கின் நிற்கும் நிலை, காதின் மடிப்பு, சுற்றியுள்ள புல்லின் உயரம் ஆகியவற்றுக்குத் தந்த கவனம் இப்பயிற்சியின் தொடர்ச்சியே எனலாம்.

1931இல் இளங்கலைப் பட்டமும் அதன்பின் முதுகலைப் பட்டமும் 1936இல் சட்டப் பட்டமும் பெற்றார். தேர்வுகளில் சிறந்து விளங்கியவர் அல்லர். படிப்பு முடிந்தபின் நிலையான வேலை அமையவில்லை. இதழ்களுக்குச் சிறு கட்டுரைகளும் கேலிச்சித்திரங்களும் அளித்து வந்தார். அச்சகம், வானொலி நிலையம் எனச் சில இடங்களில் குறுகிய காலம் பணியாற்றினார். 1937இல் இந்துமதியை மணந்தார்.

சண்டூர் ஆண்டுகள்

1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் இவருக்கு வேலை கிடைத்தது. சண்டூர் மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கு. ஆங்கு இவர் பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். சிறு சமஸ்தானங்களில் படித்தவர் ஒருவருக்கு இத்தனை தொப்பிகள் வழங்கப்படுவது அக்காலத்தில் இயல்பு. அலுவல் நேரம் போக மலைகளில் நடந்தார், ஆடு மேய்த்தார், புறாக்கள் வளர்த்தார். கர்நாடகத்தின் வறண்ட புதர்க்காடுகளையும் அங்குள்ள விலங்குகளையும் மேய்ச்சல்காரர் ஒருவரின் நெருக்கத்தோடு அறிந்தது இங்குதான்.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டதும் கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் மாதச் சம்பளப் பணி எதிலும் சேரவில்லை. மயிலாப்பூர் எட்வர்டு எலியட்ஸ் சாலை (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) வீட்டிலிருந்து எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அக்காலத்தில் காட்டுயிர் ஒளிப்படக் கலை ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை என்பதை நினைவில் கொண்டால் இம்முடிவின் துணிவு விளங்கும்.

காட்டுயிர் ஒளிப்படக் கலையின் பின்புலம்

இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1890களில் பறவைக் கூடுகளைப் படமெடுத்ததிலிருந்து இக்கலையின் வரலாறு தொடங்குகிறது. தொலைதூரப் பகுதிகளுக்குச் சென்று விலங்குகளைப் படமெடுத்தவர்களுள் புகழ்பெற்றவர் ஹெர்பர்ட் பான்ட்டிங். இவர் கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணக் குழுவின் ஒளிப்படக்காரராக 1911இல் அண்டார்க்டிகாவில் இறங்கினார். கண்ணாடித் தகடுகளில் பென்குவின்களையும் கடல்நாய்களையும் படம்பிடித்தார். கொலைத் திமிங்கிலங்களைப் படமெடுக்க முயன்றபோது அவை அடியிலிருந்து மோதி, அவர் நின்ற பனிப்பாளத்தையே உடைத்தன.

துருவப் பகுதியின் இடர் குளிரும் கடலும்தான். பென்குவின் மனிதரை அறியாத பறவை. அருகில் சென்றாலும் ஓடுவதில்லை. இந்தியக் காட்டின் நிலைமை நேர்மாறானது. பல நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்ட விலங்குகள் மனித வாடை பட்ட கணமே மறைந்துவிடும். அவை வெளியே வரும் அதிகாலையிலும் அந்தியிலும் வெளிச்சம் குறைவு. நடுப்பகலிலோ மரக்கிளைகளூடே விழும் வெயிலும் நிழலும் கலந்து விலங்கின் வடிவத்தையே சிதைத்துவிடும். இச்சிக்கலுக்கு, ஐக்கிய மாகாணங்களில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் ஒரு வழி கண்டார். புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி வைத்து, அது காலில் பட்டதும் கருவி தானே இயங்குமாறு செய்தார். இன்றைய தானியங்கிக் கேமராக்களின் முன்னோடி இதுவாகும். கிருஷ்ணன் தேர்ந்த வழி வேறு: விலங்கு காணும் தொலைவில் தாமே இருந்து, அதன் நடத்தையைக் குறித்துக்கொண்டே படமெடுப்பது.

ஒளிப்படக் கருவி

பெரிய தொலைநோக்கு லென்ஸ் பூட்டிய வெளிநாட்டுக் கேமராவை வாங்கும் வசதி கிருஷ்ணனுக்கு இருந்ததில்லை. ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், வேறொரு நிறுவனத்தின் லென்ஸ், எங்கெங்கோ கிடைத்த துணைப் பாகங்கள் ஆகியவற்றைத் தாமே பொருத்தி ஒரு கருவியை உருவாக்கினார். அதன் எடையைக் கருதி 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். அசாமில் தேயிலைத் தோட்ட அதிகாரியாக இருந்தவரும் இயற்கையியலாளருமான இ. பி. ஜீ, காசிரங்காவில் கிருஷ்ணனைச் சந்தித்தபோது இக்கருவியைக் கண்டு வியந்ததை நகைச்சுவையோடு எழுதியுள்ளார். பொன்னிறக் குரங்கை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இந்த ஜீதான்.

கடையில் வாங்கிய கருவியில் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஆலையிலேயே அளவிடப்பட்டிருக்கும். வெவ்வேறு பாகங்களை இணைக்கும்போது லென்சுக்கும் பிலிமுக்கும் இடையிலான தொலைவு நூலிழை பிசகினாலும் குவியம் தவறிவிடும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் ஒளி கசிந்து பிலிம் பாழாகும். காட்டில் எடுத்த படம் சரியா என்பது சென்னை திரும்பி இருட்டறையில் பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும். கிருஷ்ணன் தம் பிலிம்களைத் தாமே கழுவிப் பிரதி எடுத்தார்.

கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். அக்கால வண்ணப் பிலிம்களின் ஒளியுணர்வு மிகக் குறைவு என்பதால், காட்டின் மங்கிய ஒளியில் நடமாடும் விலங்கை நீண்ட லென்சினால் தெளிவாகப் பிடிப்பது கடினம். இது நடைமுறைக் காரணம். ஆயினும் விரைவான வண்ணப் பிலிம்கள் வந்த பிறகும் இவர் மாறவில்லை. கோடும் நிழலும் பயின்ற ஓவியரின் கண் இதில் தெரிகிறது.

யானை மீதிருந்து படமெடுத்தல்

கிருஷ்ணனின் பயணங்கள் கூடாரங்களும் சுமைகாரர்களும் கொண்ட பெரும் பயணங்கள் அல்ல. பெரும்பாலும் வனத்துறையின் ஒரு வளர்ப்பு யானை, அதன் பாகர், தடம் அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஆகியோரோடு முடிந்துவிடும். முதுமலை இவர் மீண்டும் மீண்டும் சென்ற காடு. 1940இல் காப்பகமாக்கப்பட்ட முதுமலையில் தெப்பக்காடு யானை முகாம் இருந்தமையால் சவாரி யானைகள் கிடைத்தன. பெரியாறு, காசிரங்கா முதலிய காடுகளிலும் பணியாற்றினார்.

காட்டு விலங்குகள் வளர்ப்பு யானையை மற்றொரு யானையாகவே கருதுகின்றன. அதன் முதுகில் அமர்ந்திருக்கும் மனிதரைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. மான் கூட்டத்தையும் காட்டுமாடுகளையும் இவ்வாறு நெருங்க முடியும். ஆனால் யானை முழுவதும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சு வாங்கும், காதை வீசும், கால் மாற்றும், எட்டிய கிளையை ஒடிக்கும். அந்த அசைவுகளுக்கு இடைப்பட்ட நொடியில்தான் படமெடுக்க வேண்டும். காட்டு யானைகளை அணுகும்போது இடர் அதிகம். யானையின் பார்வை கூர்மையானதன்று. மோப்பமோ மிகக் கூர்மையானது. ஆகவே காற்று வீசும் திசையை அறிந்து எதிர்ப்புறமாகச் செல்வது முதல் விதியாகும். பாகரின் அறிவும் சவாரி யானையின் நிதானமும் இல்லாமல் இப்படங்கள் இல்லை.

யானைகளே கிருஷ்ணனுக்கு மிகவும் விருப்பமானவை. இவர் 1960களில் கண்ட தந்த யானைகளின் உலகம் அதன்பின் வெகுவாக மாறிவிட்டது. ஆசிய யானைகளில் ஆண் மட்டுமே நீண்ட தந்தம் உடையது. ஆதலால் தந்தத் திருட்டு ஆண்களை மட்டும் அழித்தது. 1980களின் இறுதியில் பெரியாற்றில் வளர்ந்த ஆண் யானை ஒன்றுக்கு வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கும் மேல் என்ற நிலை ஏற்பட்டது. அதற்கு முந்தைய படங்கள் ஆவணமாக மதிக்கப்படுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பாலூட்டிகள் ஆய்வு

1968இல் கிருஷ்ணனுக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. 1970 வரையான இரண்டாண்டுகளில் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய சூழலியல் ஆய்வை மேற்கொண்டார். பல்கலைக்கழக விலங்கியல் துறை எதையும் சாராத, விலங்கியல் பட்டம் இல்லாத ஒருவர் இத்தகைய ஆய்வைத் தனித்துச் செய்தது குறிப்பிடத்தக்கது. காடு காடாகச் சென்று விலங்குகளின் இருப்பு, உணவு, கூட்டத்தின் அமைப்பு, வாழிடத்தின் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்தார். இவ்வாய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1970களின் தொடக்கத்திலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. 1975இல் அக்கழகம் இதனை 1959–70 காலத்து இந்தியக் காட்டுயிர்கள் பற்றிய ஆங்கில நூலாக வெளியிட்டது. தலைப்பிலேயே ஆண்டுகள் இடம்பெற்றிருப்பது கவனிக்கத் தக்கது. இவ்விலங்குகள் இவ்வாறே தொடர்ந்து இருக்கும் என்ற உறுதி ஆசிரியருக்கு இல்லை.

அந்த ஐயத்திற்குக் காரணம் இருந்தது. விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் நீர்மின் திட்டங்கள், தேக்கு, தைல மரத் தோட்டங்கள், புதிய குடியேற்றங்கள், சாலைகள் ஆகியவற்றுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய காட்டினுள் ஊர் மாடுகள் மேய்ந்தன. ஊர் மாடுகளிடமிருந்து காட்டுமாடுகளுக்குப் பரவும் வெக்கை நோய் 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டுமாடுகளைப் பெருமளவில் கொன்றது. (இவ்விலங்கைக் காட்டெருமை என்று அழைப்பது வழக்கில் இருந்தாலும் அது எருமை இனம் அன்று, சங்க இலக்கியம் இதனை ஆமா என்கிறது.) வெக்கை நோய் உலகிலிருந்து அறவே ஒழிக்கப்பட்டதாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்புக் கருத்துகள்

ஒரு நாட்டின் அடையாளம் அதன் கோயில்களிலும் இலக்கியத்திலும் மட்டும் இல்லை, அந்நிலத்திற்கே உரிய மரம், செடி, விலங்கு, பறவைகளிலும் இருக்கிறது என்பது கிருஷ்ணனின் நிலைப்பாடு. அதனால் அயல்நாட்டு மரங்களைக் காட்டிலும் சாலையோரங்களிலும் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். புலி போன்ற ஒரு விலங்கை மட்டும் தனித்துக் காப்பாற்ற இயலாது; அது வாழும் காடு முழுவதையும், அங்குள்ள புல் உட்பட, மனிதத் தலையீடின்றி விட்டுவைக்க வேண்டும் என வாதிட்டார்.

இக்கருத்தில் ஒரு சிக்கல் உண்டு. காட்டினுள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மக்களின் இடம் என்ன என்ற கேள்வி பின்னாளில் இந்தியாவில் பெரிதாக எழுந்தது. 2006இல் வன உரிமைச் சட்டமும் வந்தது. கிருஷ்ணனின் எழுத்து அந்த விவாதத்திற்கு முந்தையது. அவருடைய காலத்தில் காடுகளுக்கு நேர்ந்த பேரழிவு பெரும்பாலும் அரசுத் திட்டங்களாலும் வணிகத் தோட்டங்களாலும் வந்தது என்பதையும் கருத்தில் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

இந்தியக் காட்டுயிர் வாரியத்தின் உறுப்பினராகப் பணியாற்றினார். 1973இல் தொடங்கப்பட்ட புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். குழுக்களில் இருந்தபோதும் தம் மறுப்பை வெளிப்படையாகச் சொல்லத் தயங்காதவர் என அறியப்பட்டார். 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' மதிப்புப் பட்டியலில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.

எழுத்துப் பணி

ஸ்டேட்ஸ்மன் பத்தியில் அடர்காட்டு விலங்குகளுக்கு நிகராகக் காகம், அணில், ஓணான், தெருநாய், கழுதை ஆகியவையும் இடம்பெற்றன. கூர்மையான சிறு கோட்டோவியங்களைத் தாமே வரைந்து சேர்த்தார். கொல்லைப்புறத்தில் காண்பதைக் காண அறியாதவர் காட்டிற்குச் சென்றும் பயனில்லை என்பதை இப்பத்திகள் தொடர்ந்து உணர்த்தின. காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒருங்கே பேசும் ஆங்கில நூல் 1961இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. ஒளிப்படங்கள் நிறைந்த மற்றொரு நூல் 1985இல் வெளிவந்தது.

தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்குப் பறவைகள் பற்றிய கட்டுரைகளை அளித்துள்ளார். செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்திற்கு அருகேயுள்ள வேடந்தாங்கல் குறித்தும் ஒரு சிறு நூல் எழுதினார். அங்குள்ள ஏரியில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை ஊர் மக்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தனர். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வேடந்தாங்கல் செல்லும் மாணவர்கள் அந்நூலைப் படித்துவிட்டுச் செல்வது பயன்தரும். இக்கட்டுரைகளும் வேடந்தாங்கல் நூலும் பெருமாள்முருகனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வந்துள்ளன.

'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் நாவலையும் எழுதியுள்ளார். பழந்தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். சங்கப் பாடல்களில் வரும் விலங்கு, பறவைகளை நேரில் கண்ட அறிவோடு அடையாளம் காணக்கூடிய மிகச் சிலருள் ஒருவர். இருப்பினும் வாழ்நாளில் இவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படிப்பவர்களாகவே இருந்தனர். தமிழ் வாசகர்களுக்கு இவர் பரவலாக அறிமுகமானது, சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' வெளிவந்த பின்னரே ஆகும்.

மறைவும் பின்னரும்

கிருஷ்ணன் 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி அதே நாளில் ஸ்டேட்ஸ்மன் இதழில் அச்சாகி வந்தது. வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா தேர்ந்தெடுத்துத் தொகுத்த கட்டுரைகள் 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சக வெளியீடாக வந்தன. 2006இல் இவருடைய ஒளிப்படங்களும் எழுத்துகளும் சேர்ந்த பெரிய தொகுப்பு வெளியானது. அதன் பதிப்பாசிரியர்களுள் ஒருவர், கிருஷ்ணனுக்கு அடுத்த தலைமுறையின் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரான டி. என். ஏ. பெருமாள். பறவைகள் பற்றிய கட்டுரைகள் நூற்றாண்டு விழா ஆண்டான 2012இல் தனி நூலாயின. சென்னை இயற்கையியலாளர் கழகம் இவர் நினைவாக இளையோருக்கான இயற்கை எழுத்துப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது.